அலைவரிசைப் பலகை சொன்ன கதை: ஓர் ஆர்சி விமானச் சங்கத்தின் வரலாற்றைத் தொகுத்த அனுபவம்

எங்கள் ஆர்சி விமானச் சங்கத்தின், அதாவது தரையிலிருந்து ரேடியோவால் மாதிரி விமானம் ஓட்டுபவர்களின் சங்கத்தின், வரலாற்றை எழுதித் தரும் வேலை என்னிடம் வந்தபோது கையில் இருந்தது கொஞ்சம்தான். ஒரு கணக்கு நோட்டு, பாதி கிழிந்த உறுப்பினர் பட்டியல், பின்பக்கம் எதுவும் எழுதாத போட்டோக்கள், ஓர் அட்டைப்பெட்டி நிறையப் பழைய டிரான்ஸ்மிட்டர்கள் (கையில் பிடித்து விமானத்துக்குக் கட்டளை அனுப்பும் பெட்டிகள்), அப்புறம் கோப்பைகள். கோப்பையைப் பார்த்தால் யார் ஜெயித்தார் என்று தெரியும். இத்தனை பேர் இத்தனை காலம் ஒரே மைதானத்தைப் பிரிந்துபோகாமல் எப்படிப் பகிர்ந்துகொண்டார்கள் என்று தெரியாது. எனக்கு அதுதான் பெரிய கேள்வியாகப் பட்டது. பல மாதங்கள் பலரோடு உட்கார்ந்து பேசிய பிறகு எனக்குக் கிடைத்த விடை இது: பங்கிட்டுக்கொள்ள ஏதோ ஒன்று இருந்தவரைதான் சங்கம் சங்கமாக இருந்தது. முதலில் அது அறிவாக இருந்தது. பிறகு அலைவரிசையாக இருந்தது. எல்லாக் காலத்திலும் மைதானமாக இருந்தது.

இதே வேலையை வேறு சங்கங்களிலும் யாராவது ஒருவர் செய்யத்தான் வேண்டும். அவர்களுக்காக, நான் போன வழியையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஆண்டைக் கேட்டால் ஆளுக்கு ஓர் ஆண்டு சொல்வார்கள். பொருளைக் கையில் கொடுத்தால் கதை வரும். அட்டைப்பெட்டியில் ஒரு டிரான்ஸ்மிட்டர் கிடந்தது. ஸ்டிக் கிடையாது, நாப் கிடையாது, ஒரே ஒரு பொத்தான் வைத்த தகரப் பெட்டி. அதை எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் கட்டைவிரல் தானாகவே பொத்தானுக்குப் போனது. "அமுக்கிப் பிடிச்சா வலது. அமுக்கி, விட்டு, மறுபடி அமுக்கிப் பிடிச்சா இடது. விட்டுட்டா நேரா போகும்" என்றார். அதற்கு முன்பு பலமுறை கேட்டும் 'பழசெல்லாம் மறந்துபோச்சு' என்று சொன்னவர் அவர்தான். அன்று சாயங்காலம் வரை பேசினார்.

அவர் சொன்னது சிங்கிள் சேனல் காலம், அதாவது ஒரே ஒரு கட்டுப்பாடு மட்டும் இருந்த காலம். விமானத்துக்குள் எஸ்கேப்மென்ட் என்ற சின்ன இயந்திரம் இருக்கும். முறுக்கிவிட்ட ரப்பர் பேண்டுதான் அதற்குச் சக்தி. சிக்னல் வரும்போதெல்லாம் ஒரு படி திரும்பி, வாலில் திசை திருப்பும் பலகையான ரட்டரை முழுசாக ஒரு பக்கம் தள்ளும். பாதி வலது, கால் இடது என்பதெல்லாம் கிடையாது. மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் கிடையாது, இறக்கைகளைச் சாய்க்கும் ஐலரான் கிடையாது, இன்ஜின் வேகத்தைக் குறைக்கவும் வழியில்லை. தொட்டியில் எரிபொருள் தீரும்வரை பறக்கும், தீர்ந்ததும் கிளைடர் மாதிரி இறங்கும். இறக்கைகள் நடுவிலிருந்து நுனி நோக்கி நன்றாக மேலே தூக்கியிருக்கும். அந்த டைஹீட்ரல்தான் விமானத்தைத் தானாகவே நிமிர்த்தியது, ரட்டரை மட்டும் வைத்துத் திருப்பவும் உதவியது. ரப்பர் பேண்டு எத்தனை திருப்பத்துக்குத் தாங்கும் என்று கணக்கு வைத்துக்கொண்டுதான் மேலே விடுவார்களாம்.

இந்தக் கலையின் தொடக்கத்தைப் பற்றிக் கொஞ்சம். அமெரிக்காவில் 1937இல் டெட்ராய்ட் நகரில் நடந்த தேசிய மாதிரி விமானப் போட்டியில் ரேடியோ கட்டுப்பாட்டுக்கென்று முதன்முதலாக ஒரு பிரிவு வைத்தார்கள். அதே காலத்தில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் 'கஃப்' என்று பெயரிட்ட விமானத்தைப் பறக்கவிட்டார்கள். அது இன்றும் ஸ்மித்சோனியன் விமான விண்வெளி அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அன்றைக்கு, விமானத்துக்குள் சிக்னலை வாங்கும் ரிசீவர் என்றால் கண்ணாடி வால்வு. அதற்கு ஒரு பேட்டரி, இழையைச் சூடாக்க இன்னொரு பேட்டரி. இவ்வளவு பாரத்தையும் தூக்க வேண்டியிருந்ததால் விமானங்கள் பெரிதாக இருந்தன. டிரான்சிஸ்டர் வந்த பிறகுதான் எல்லாம் சிறுத்தது.

இதைத் தனியாக ஒருவர் செய்ய முடியாது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. ஒருவருக்கு பால்சா கட்டையைச் சீவத் தெரியும், ஒருவருக்கு ரேடியோ சர்க்யூட் தெரியும், ஒருவருக்கு இன்ஜின் தெரியும். மூன்றும் ஒரே மேசைக்கு வந்தால்தான் ஒரு விமானம் மேலே போகும். எங்கள் சங்கம் விதிகளோடும் உறுப்பினர் அட்டையோடும் பிறக்கவில்லை. அப்படி ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களிடமிருந்து பிறந்தது. தொடங்கிய ஆண்டு இதுதான் என்று அடித்துச் சொல்ல எந்த ஆவணமும் இல்லாததற்குக் காரணமும் அதுவே. தேதி தேடி அலைவதை விட்டுவிட்டு, முதல் மேசை யார் வீட்டில் இருந்தது என்று கேட்கத் தொடங்கினேன். அதற்கு எல்லாரும் ஒரே பதில் சொன்னார்கள்.

போட்டோக்களுக்குக் காலம் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். இது எந்தச் சங்கத்துக்கும் பயன்படும். முகத்தைப் பார்க்காதீர்கள், கையில் இருப்பதைப் பாருங்கள். ஒற்றைப் பொத்தான் பெட்டி என்றால் சிங்கிள் சேனல். சின்னச் சின்ன சுவிட்சுகள் வரிசையாக இருந்தால் ரீட் செட். அதில் ஒவ்வொரு சுவிட்சும் ஒரு தனி ஒலியை அனுப்பும். ரிசீவரில் அந்த ஒலிக்கென்று அளந்து வைத்த மெல்லிய எஃகு நாக்கு அதிர்ந்து, ரட்டர் போன்றவற்றை அசைக்கும் சின்ன மோட்டாரான சர்வோவை ஓட்டும். இரண்டு ஸ்டிக்கும் ஒரு மீட்டருக்கு நீண்ட ஆன்டெனாவும் இருந்தால் ப்ரொபோர்ஷனல், அதாவது 1960களின் நடுப்பகுதிக்குப் பிறகு. விரல் நீள ஆன்டெனா இருந்தால் 2005க்குப் பிறகு. இதற்கு ஒரு காரணம் உண்டு. 72 மெகா ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 4 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அதில் கால் பங்குதான் அந்த நீண்ட ஆன்டெனா. 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர், அதில் கால் பங்கு 3 சென்டிமீட்டர்தான். இறக்கையின் மேல் போர்வையும் காட்டிக்கொடுக்கும்: டிஷ்யூ பேப்பரையோ பட்டுத் துணியையோ ஒட்டி டோப் என்ற வார்னிஷ் பூசியதா, இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும் பளபளப்பான ஃபிலிமா, இல்லை எதுவும் போர்த்தாத ஃபோமா என்று பாருங்கள். இன்ஜினில் சத்தத்தைக் குறைக்கும் மஃப்ளர் இருக்கிறதா என்று பாருங்கள். விமானத்தின் வயிற்றிலிருந்து வால்வரை ஒரு மெல்லிய ஒயர் ஓடுகிறதா என்று பாருங்கள்; அது 2.4 கிகா ஹெர்ட்ஸுக்கு முந்தைய ரிசீவரின் ஆன்டெனா. இந்த நான்கைந்து அடையாளங்களை வைத்தே அட்டைப்பெட்டியில் இருந்த போட்டோக்களில் பெரும்பாலானவற்றைக் காலவரிசையில் அடுக்க முடிந்தது. அடுக்கிய பிறகு அதை மூத்தவர்களிடம் காட்டினால், இடையில் விட்டுப்போனவை அவர்கள் வாயிலிருந்தே வந்து சேர்ந்தன.

ப்ரொபோர்ஷனல் வந்தது பெரிய மாற்றம். ஸ்டிக்கை எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு சர்வோ திரும்பும். ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் 1 முதல் 2 மில்லி செகண்ட் நீளமுள்ள ஒரு துடிப்பு; 1.5 என்றால் நடு. இன்று வரைக்கும் சர்வோக்கள் பெரும்பாலும் அந்த மொழியைத்தான் பேசுகின்றன. ஆனால் சங்கத்தின் கதையில் அதைவிடப் பெரிய பாத்திரம் ஒரு மரப்பலகைக்கு.

அதுதான் அலைவரிசைப் பலகை. இன்று சேர்ந்த இளைஞர்கள் அதைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். அந்தக் காலத்து ரிசீவருக்குத் தன் டிரான்ஸ்மிட்டர் எது, அடுத்தவர் டிரான்ஸ்மிட்டர் எது என்று தெரியாது. அலைவரிசையை நிர்ணயிக்க அதில் பொருத்திய கிரிஸ்டல் எந்த சேனலோ (இங்கே சேனல் என்பது ஒதுக்கிய ஓர் அலைவரிசை), அந்த சேனலில் எது வந்தாலும் கேட்கும். நீங்கள் விமானத்தை மேலே வைத்திருக்கும்போது, அதே சேனலில் இன்னொருவர் சும்மா சோதிப்பதற்காக சுவிட்சைப் போட்டால் போதும், உங்கள் விமானம் உங்கள் பேச்சைக் கேட்காது. அமெரிக்காவில் 72 மெகா ஹெர்ட்ஸ் பட்டையில் 20 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளியில் விமானங்களுக்கென்று 50 சேனல்கள் ஒதுக்கியிருந்தார்கள். ஐரோப்பாவில் 35 மெகா ஹெர்ட்ஸ். எந்த நாடாக இருந்தாலும் சிக்கல் ஒன்றுதான்: ஒரு சேனலுக்கு ஒரு நேரத்தில் ஒரே ஆள்.

பலகையில் சேனலுக்கு ஓர் ஆணி, ஆணிக்கு ஒரு கிளிப். துணி உலர்த்தப் போடும் அதே கிளிப்தான், மேலே எண் எழுதியிருக்கும். பறக்க விடுபவர் தன் சேனலின் கிளிப்பை எடுத்து ஆன்டெனாவில் மாட்டிக்கொள்வார். கிளிப் கையில் இல்லாமல் சுவிட்சைத் தொடக் கூடாது. இறங்கியதும் சுவிட்சை அணைத்துவிட்டு, கிளிப்பைத் திரும்பக் கொண்டுவந்து மாட்ட வேண்டும். வேறு சில சங்கங்களில் இது தலைகீழ்: உங்கள் பெயர் எழுதிய கிளிப்பை நீங்கள் கொண்டுபோய்ப் பலகையில் மாட்ட வேண்டும். இரண்டுமே நல்ல முறைகள்தான். ஒரு முறைக்குப் பழகியவர் இன்னொரு முறை இருக்கும் மைதானத்துக்குப் போகும்போதுதான் ஆபத்து. ஆணியில் கிளிப் இல்லை என்றால் ஓரிடத்தில் 'யாரோ பறக்க விடுகிறார்' என்று அர்த்தம். இன்னோரிடத்தில் 'சேனல் காலி' என்று அர்த்தம். எங்கள் மைதானத்திலேயே அப்படி ஒரு விபத்து நடந்திருக்கிறது. விருந்தாளியாக வந்தவர் நல்லெண்ணத்தோடுதான் சுவிட்சைப் போட்டார். ஒரு குளிர்காலம் முழுக்கச் செய்த விமானம் நேராகத் தரையில் குத்தியது. அதற்கு அடுத்த கூட்டத்தில்தான் டிரான்ஸ்மிட்டர் மேசை என்ற விதி வந்தது: மைதானத்துக்குள் வந்ததும் எல்லா டிரான்ஸ்மிட்டரும் அணைத்த நிலையில் அந்த மேசைக்குப் போக வேண்டும், கிளிப்போடுதான் வெளியே வர வேண்டும். புதிதாக வருபவர் யாரோ, அவரைப் பலகைக்கு அழைத்துப்போய் முறையை விளக்குவது அன்றைய பொறுப்பாளரின் வேலை.

எங்கள் விதிப் புத்தகத்தில் இருக்கும் அநேகமாக ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் இப்படி ஒரு நாள் இருக்கிறது. வரலாற்றைத் தொகுப்பவர்கள் விதிகளைக் கடைசிப் பக்கத்தில் இணைப்பாகப் போடுவதுண்டு. நான் அதிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். ஒவ்வொரு விதியையும் காட்டி 'இது ஏன் வந்தது?' என்று கேளுங்கள். கூட்டக் குறிப்பில் இல்லாதது எல்லாம் வெளியே வரும். புதியவர்களும் காரணம் தெரிந்த விதியைத்தான் மனதார மதிக்கிறார்கள்.

அந்தப் பலகை இன்னொரு காரியமும் செய்தது. அதை யாரும் திட்டமிடவில்லை. உங்கள் சேனலில் இன்னும் இரண்டு பேர் இருந்தால் நீங்கள் காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருக்கும்போது பேசத்தான் வேண்டும். ஒருவர் இன்ஜின் கிளம்பவில்லை என்றால் இன்னொருவர் எரிபொருளைப் பற்றவைக்கும் க்ளோ பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். 1947இல் ரே ஆர்டன் விற்பனைக்குக் கொண்டுவந்த அந்தச் சின்ன பிளக்குக்குள் பிளாட்டினம் கலந்த ஓர் இழை இருக்கிறது. தொடக்கத்தில் 1.5 வோல்ட் கொடுத்துச் சூடாக்கினால் போதும்; இன்ஜின் ஓடத் தொடங்கியதும் மெத்தனால் ஆவி பிளாட்டினத்தைத் தொட்டு நடக்கும் வினையே அதைத் தொடர்ந்து கனல வைக்கும். அதற்குப் பிறகு பேட்டரியே வேண்டாம். நான் இதைப் புத்தகத்தில் படிக்கவில்லை, அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்றபோது ஒருவர் பிளக்கைக் கையில் வைத்துக் காட்டிச் சொன்னார். ஊசி வால்வைத் திருகிக் கலவையைச் சரிசெய்யும்போது ப்ரொப்பெல்லருக்கு முன்னாலும் பக்கவாட்டிலும் நிற்காதே, எப்போதும் பின்னால் வா என்று தோளைப் பிடித்து இழுத்ததும் அப்படிக் காத்திருந்த ஒருவர்தான்.

மைதானத்தின் கதை வேறு. சங்கங்கள் உறுப்பினர் இல்லாமல் மூடப்படுவதைவிட மைதானம் இல்லாமல் மூடப்படுவது அதிகம் என்பது என் அனுபவம். எங்கள் முதல் மைதானம் கைவிட்டுப்போனதற்குக் காரணம் விபத்து அல்ல, சத்தம். மஃப்ளர் இல்லாத இன்ஜின்கள் ஓய்வு நாளின் அதிகாலையில் கத்தின. சுற்றியிருந்தவர்கள் எத்தனையோ நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் புகார் செய்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. இடத்தைப் புதிதாகத் தேடி, நிலத்துக்காரரோடு பேசி, மறுபடி புல்லை வெட்டி ரன்வே அமைக்கும்வரை சங்கம் பெயரளவில்தான் இருந்தது. அந்த இடைவெளியில் விலகிய சிலர் திரும்பி வரவே இல்லை.

இரண்டாவது மைதானத்தில் நாங்கள் கற்றது இவை. மஃப்ளர் மாட்டிய பிறகு சத்தத்தில் பெரும்பங்கு இன்ஜினில் இல்லை, ப்ரொப்பெல்லர் நுனியில் இருக்கிறது. நுனி வேகம் கூடக்கூட அலறும். அதனால் அதிக பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) உள்ள ப்ரொப்பெல்லரைப் போட்டுச் சுற்றைக் குறைத்தால், இழுவை போதுமான அளவு இருக்கும், அலறல் அடங்கும். இன்ஜினை மரச்சட்டத்தோடு நேரடியாக இறுக்காமல் ரப்பர் மவுன்ட் வைத்தால் விமானத்தின் உடம்பே பறை மாதிரி அதிர்வது நிற்கும். காலையில் இத்தனை மணிக்கு முன் இன்ஜின் இல்லை என்பதை எழுதி வைத்தோம். பறக்கும் எல்லையை வரைபடத்தில் குறித்து, வீடுகள் இருக்கும் பக்கத்தை முழுவதுமாக விட்டோம். விமானம் அடுத்தவர் நிலத்தில் விழுந்தால் பயிருக்குள் ஓடிப்போய் எடுக்கக் கூடாது, நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு, வரப்போரமாகப் போய், ஒருவர் மட்டும் எடுத்து வர வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை சுற்றியிருப்பவர்களை அழைத்து, அவர்கள் பிள்ளைகள் கையில் டிரான்ஸ்மிட்டரைக் கொடுப்போம். இந்தக் கடைசிக் காரியத்தைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று எங்கள் உறுப்பினர்கள்.

பழக்கிவிடும் முறையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சங்கத்தின் உண்மையான சொத்து அதுதான். இரண்டு டிரான்ஸ்மிட்டர்களை பட்டி கார்டு என்ற கேபிளால் இணைப்பார்கள் (இப்போது கேபிள் இல்லாமலேயே இணைக்கலாம்). கற்றுக்கொடுப்பவர் ஒரு சுவிட்சை அமுக்கிப் பிடித்திருக்கும்வரை மாணவர் கையில் விமானம். விட்டால் மறுகணமே ஆசான் கையில். மாணவருக்குப் பயம் போகும், ஆசானுக்கும் பதற்றம் குறையும்.

முதலில் தடுமாறுவது எல்லாரும் ஒரே இடத்தில்: விமானம் நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிவிடும். இதற்கு மூளையில் கணக்குப் போட நேரம் இருக்காது. எங்கள் ஆசான்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் வாக்கியம் ஒன்று: "எந்த இறக்கை தாழுதோ, அந்தப் பக்கம் ஸ்டிக்கைக் கொண்டுபோய் முட்டுக் கொடு." நம்மை நோக்கி வரும் விமானத்துக்கு இது அப்படியே பொருந்தும். இன்னொன்று, உயரம். புதியவர்கள் பயத்தில் தாழ்வாகவே பறப்பார்கள். உயரம்தான் அவகாசம். தவறு நடந்து, புரிந்து, திருத்த நேரம் தருவது உயரம் மட்டுமே. மூன்றாவது, ஸ்டிக்கைத் தள்ளுவதைவிட விடுவதைக் கற்றுக்கொள்ள வேண்டும். நல்ல டிரெய்னர் விமானம், கையை எடுத்தால் தானே நிமிர்ந்துகொள்ளும்.

பறப்பதற்கு முன்னான சோதனையை எங்கள் சங்கம் வாய்விட்டுச் சொல்லிச் செய்கிறது. வால் பக்கம் நின்றுகொண்டு ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது ஐலரான் மேலே எழ வேண்டும். எலிவேட்டர் ஸ்டிக்கைத் தன்னை நோக்கி இழுத்தால் எலிவேட்டர் மேலே வர வேண்டும். அசைகிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது, எந்தத் திசையில் அசைகிறது என்று சொல்ல வேண்டும். ஐலரான் தலைகீழாக இணைக்கப்பட்டு விழுந்த விமானங்கள் எல்லாச் சங்கத்தின் வரலாற்றிலும் உண்டு, அவை எல்லாமே சோதனையில் நன்றாகத்தான் அசைந்தன. அடுத்தது ஈர்ப்பு மையம். சாதாரண விமானத்துக்கு அது இறக்கையின் முன்விளிம்பிலிருந்து, இறக்கையின் அகலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். மூக்கு கனமாக இருந்தால் விமானம் மந்தமாகப் பறக்கும். வால் கனமாக இருந்தால் கையில் நிற்காது. பிறகு ரேஞ்ச் செக், அதாவது சிக்னல் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்ற சோதனை. பிறகு ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் போனால் விமானம் என்ன செய்யும் என்ற சோதனை: டிரான்ஸ்மிட்டரை அணைத்தால் மோட்டார் நிற்க வேண்டும். இதை ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டோ, விமானத்தை நன்றாகக் கட்டிவைத்தோதான் பார்க்க வேண்டும்.

2005இல் ஸ்பெக்ட்ரம் நிறுவனத்தின் 2.4 கிகா ஹெர்ட்ஸ் செட் வந்தது. மற்ற நிறுவனங்களும் விரைவிலேயே பின்தொடர்ந்தன. ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டருக்கும் ஓர் அடையாள எண். ரிசீவரை ஒருமுறை பைண்ட் செய்துவிட்டால், அதாவது தன் டிரான்ஸ்மிட்டரோடு இணைத்துவிட்டால், அது வேறு யார் பேச்சையும் கேட்காது. கிரிஸ்டல் வேண்டாம், சேனல் வேண்டாம், காத்திருக்க வேண்டாம். பழைய வகை விபத்து ஒன்று அடியோடு ஒழிந்தது. இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். அந்தப் பழைய பதற்றம் யாருக்கும் திரும்ப வரக் கூடாது.

ஆனால் பலகை போனதும் மைதானம் அமைதியாகிவிட்டது. வருவார்கள், பேட்டரியை மாட்டுவார்கள், பறக்க விடுவார்கள், கிளம்பிவிடுவார்கள். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. கூடவே பிரஷ்லெஸ் என்ற மின் மோட்டாரும் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியும் பெட்டியிலிருந்து எடுத்தால் பறக்கும் ஃபோம் விமானமும் வந்துவிட்டன. விமானத்தைத் தானே நிமிர்த்தும் ஜைரோ வந்ததும், ஆசான் எதற்கு என்று புதியவர்கள் நினைக்கத் தொடங்கினார்கள். உறுப்பினர் பட்டியலில் பெயர்கள் கூடின. கூட்டங்களில் நாற்காலிகள் காலியாக இருந்தன. பட்டியலை மட்டும் வைத்து வரலாறு எழுதியிருந்தால் இந்தக் காலத்தைச் சங்கத்தின் பொற்காலம் என்று எழுதியிருப்பேன்.

இதிலிருந்து சங்கத்தை மீட்டவை மூன்று ஏற்பாடுகள். முதலாவது குரல். ஒரே நேரத்தில் எத்தனை விமானங்கள் மேலே இருக்கலாம் என்று ஒரு வரம்பு வைத்தோம், பறக்க விடுபவர்கள் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்க வேண்டும் என்றோம். 'டேக் ஆஃப்', 'லேண்டிங்', 'ரன்வேயில் ஆள்' என்று எல்லாவற்றையும் உரக்கச் சொல்ல வேண்டும். இன்ஜினோ மோட்டாரோ நின்றுபோனால் 'டெட் ஸ்டிக்' என்று கத்தினால் மற்ற எல்லாரும் வழிவிட வேண்டும். இது பாதுகாப்புக்காக வந்தது. ஆனால் பேச்சைத் திரும்பக் கொண்டுவந்தது. இரண்டாவது, பழுதுபார்க்கும் மேசை. உடைந்த ஃபோமை எப்படி ஒட்டுவது, சர்வோவின் பல் உடைந்தால் எப்படி மாற்றுவது, ரிசீவரின் இரண்டு ஆன்டெனாக்களை ஏன் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, கார்பன் குழாய்க்கு விலகி வைக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே நடக்கிறது. பழைய முதல் மேசையின் வாரிசு அது என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது, மின்சாரத்துக்கான புது ஒழுக்கம். க்ளோ இன்ஜின் காலத்தில் ப்ரொப்பெல்லரில் கை பட்டால் காயம்தான், ஆனால் சின்ன இன்ஜின் பெரும்பாலும் நின்றுவிடும். மின் மோட்டார் நிற்காது. தடை வந்தால் இன்னும் அதிக மின்னோட்டத்தை இழுத்துச் சுற்றப் பார்க்கும். சத்தமும் இல்லாததால் உயிரோடு இருப்பதே தெரியாது. அதனால் பேட்டரி இணைந்தால் ப்ரொப்பெல்லர் சுற்றுவதாகவே எண்ணிக்கொள் என்பது விதி. விமானத்தைப் பிடித்து வைத்துவிட்டு, டிரான்ஸ்மிட்டரைப் போட்டு, மோட்டாரை ஓடவிடாமல் தடுக்கும் த்ராட்டில் கட் சுவிட்ச் அமுங்கியிருப்பதைப் பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் பேட்டரியை மாட்ட வேண்டும். லைப்போ ஒரு செல்லுக்கு நிறைவில் 4.2 வோல்ட், அதற்கு மேல் ஏற்றினால் தீ. 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் செல் கெட்டுவிடும். பறக்கவிடாத நாட்களில் 3.8 அளவில் வைத்தால் ஆயுள் நீளும். விழுந்த விமானத்தின் பேட்டரியை உடனே காரில் வைக்கக் கூடாது. வெளியே, எரியாத தரையில், அரை மணி நேரமாவது கண் பார்வையில் கிடக்கட்டும். உள்ளே அடிபட்ட செல் தாமதமாகத்தான் புகையும்.

ட்ரோன் ஓட்டுபவர்கள் வந்தபோது பிளவு வரப் பார்த்தது. திரை வைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு விமானத்தின் கேமரா வழியே பார்த்து ஓட்டுபவருக்குச் சுற்றியுள்ள வானம் தெரியாது. அதனால் பக்கத்தில் ஒரு பார்வையாளர் நின்று சொல்ல வேண்டும் என்ற ஒரே விதியோடு அவர்களை உள்ளே எடுத்தோம். அந்தப் பார்வையாளர் வேலையைப் பெரும்பாலும் மூத்தவர்கள்தான் செய்கிறார்கள். கை நடுங்கி ஸ்டிக்கைப் பிடிக்க முடியாதவர்களுக்கும் மைதானத்தில் ஒரு வேலை கிடைத்தது.

மூத்தவர்கள் என்றதும் அமெரிக்க மாதிரி விமானக்காரர் மேனார்ட் ஹில் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. 2003 ஆகஸ்டில் அவரும் அவர் நண்பர்களும் சேர்ந்து உருவாக்கிய டாம் 5 என்ற விமானம், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கிளம்பி அட்லாண்டிக்கைத் தாண்டி அயர்லாந்தில் இறங்கியது. 38 மணி 52 நிமிடப் பயணம், சுமார் 3,000 கிலோமீட்டர். எரிபொருள் உட்பட எடை 5 கிலோவுக்குள். பால்சா கட்டையில் செய்தது. அதற்கு முந்தைய முயற்சிகள் தோற்றிருந்தன. அப்போது ஹில்லுக்கு வயது 77, பார்வை பெருமளவு போயிருந்தது. தரையிறங்குவதைக் கண்ணால் பார்த்து ஸ்டிக்கைப் பிடித்தவர்கள் அயர்லாந்தில் காத்திருந்த நண்பர்கள். எங்கள் மைதானத்தில் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் ஒருவர் கட்டாயம் கேட்பார்: 'முதல் மூன்று நான்கு விழுந்த பிறகும் கூட இருந்தார்களே, அவர்கள் யார்?' எனக்கும் அதுதான் பெரிய விஷயம்.

கடைசியாக, ஆவணம். தொகுத்து முடித்தபோது எனக்கு மிகவும் உதவியது கிராஷ் நோட்டு. விபத்துகளைக் குறித்துவைக்கும் அதைச் சங்கத்தின் பழைய நாட்களில் யாரோ புண்ணியவான் ஆரம்பித்துவைத்தது. தேதி, விமானம், என்ன நடந்தது, காரணம் என்ன என்று பக்கத்துக்கு நான்கு கட்டங்கள். பெயர் எழுதுவதில்லை என்பதால் எல்லாரும் உண்மையை எழுதினார்கள். ஒரு பத்தாண்டில் 'வேறு ஆள் அதே சேனல்' என்று திரும்பத் திரும்ப வருகிறது. அடுத்த பத்தாண்டில் அது மறைந்து, 'ரிசீவர் பேட்டரி தீர்ந்தது', 'ஐலரான் தலைகீழ்', 'சூரியனுக்குள் போனது, தெரியவில்லை' என்று மாறுகிறது. சமீபத்தில் அதிகம் வருவது 'வேறு விமானத்தின் மாடல் மெமரியில் பறக்க விட்டது'. ஒரே டிரான்ஸ்மிட்டரில் பல விமானங்களைச் சேமிக்கும் வசதி கொண்டுவந்த விபத்து அது. இதைப் பார்த்துத்தான், சோதனையில் திரையில் உள்ள மாடல் பெயரை முதலில் உரக்கப் படிக்க வேண்டும் என்று இந்த ஆண்டு சேர்த்தோம்.

உங்கள் சங்கத்தில் இப்படி ஒரு நோட்டு இல்லையென்றால் அடுத்த முறை மைதானத்துக்குப் போகும்போது ஒன்றை எடுத்துப் போங்கள். பேனாவை நூலில் கட்டி அதோடு தொங்க விடுங்கள், இல்லாவிட்டால் காணாமல் போகும். மூத்தவர்களின் பேச்சைப் போனிலேயே பதிவு செய்யுங்கள், அன்றைக்கே ஒரு பிரதியை இன்னொருவரிடம் கொடுத்து வையுங்கள். போட்டோவின் பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் முன்பக்கம் தடம் விழும். மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பழைய டிரான்ஸ்மிட்டர்களின் உள்ளே இருக்கும் நிக்கல் காட்மியம் பேட்டரியை முதலில் கழற்றிவிடுங்கள். கசிந்தால் சர்க்யூட்டின் செம்பைத் தின்றுவிடும். எங்கள் பெட்டியில் இருந்த ரீட் செட் ஒன்று அப்படித்தான் பாதி அரிக்கப்பட்டிருந்தது. இப்போது பழுதுபார்க்கும் மேசையில் அதைத் திறந்து வைத்திருக்கிறார்கள். பச்சை பிடித்த தடங்களைச் சுரண்டி மெல்லிய ஒயர் போட்டு இணைக்கும் வேலையை, ஜைரோ இல்லாமல் ஒருநாளும் பறக்கவிடாத ஒரு கல்லூரி மாணவி எடுத்திருக்கிறாள். எந்த நாக்கு எந்தத் திசைக்கு என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பவர், அந்த ஒற்றைப் பொத்தான் பெட்டிக்காரர்.